நூல் வைத்து அளந்த ஏரி

வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் முதல் வகுப்புக்குள் நம் வாத்தியார் மூன்று முறை நுழைந்தார். முதல் முறை நுழைந்தபோது ஒரு பிள்ளையும் எழுந்து நிற்கவில்லை. கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று வெளியே போய், செருமிக்கொண்டு மறுபடி வந்தார். அப்போதும் யாரும் அசையவில்லை. மூன்றாம் முறை கதவைக் கொஞ்சம் சத்தமாகவே திறந்தார். முன் வரிசையில் இருந்த ஒரு பெண், "ஏதாவது தொலைஞ்சு போச்சா சார்? தேடித் தரட்டுமா?" என்று அக்கறையாகக் கேட்டாள். இருபத்திரண்டு வருட சர்வீஸின் மானம் அந்த இடத்தில் கப்பலேறியது.

அன்று சாயங்காலம் மனைவிக்கு ஃபோன் போட்டு, "என்னைப் பார்த்ததும் பிள்ளைங்க அப்படியே உட்கார்ந்துட்டாங்க" என்றார். அதில் பொய் ஒன்றுமில்லை. உட்கார்ந்துதான் இருந்தார்கள்.

அவர் இப்படிப் பேச ஒரு காரணம் உண்டு. சொந்த வீட்டில் அவர் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டவரல்ல. எந்த ஆறு எந்தக் கடலில் போய் விழுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். சமையலறையில் உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென விழிப்பார். வீட்டை ஓட்டியது மனைவி. அவளுக்கு அரசு மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் நூறு பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து இவரைக் கட்டி மேய்ப்பாள். வெளிநாட்டில் புவியியல் ஆசிரியர் வேலை கிடைத்து இவர் கிளம்பியபோது, விமான நிலைய வாசலில் அவள் சொன்ன வாழ்த்து இதுதான்: "பத்து நாள் தாங்குவீங்க. பதினோராம் நாள் ஃபோன் பண்ணி அழுவீங்க, பாருங்க." ஏழாவது படிக்கும் மகள் பக்கத்தில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். தலையே போனாலும் அழுவதில்லை என்று வாத்தியார் அங்கேயே மனசுக்குள் சபதம் எடுத்துவிட்டார்.

வேலையின் ஏற்பாடு இப்படி. முதல் மூன்று மாதம் பள்ளிக்கூடம் கொடுக்கும் ஒத்தை அறையில் தங்கி வேலை பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு குடும்பத்தை அழைத்துக்கொள்வதாக இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். வீடும் விசாவும் பள்ளிக்கூடமே பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் அடுத்த வருடம்தான் கேட்க முடியும். ஒரு வருடத்துக்கு லீவு போட்டுவிட்டு மகளோடு வருவதா வேண்டாமா என்பதை அந்த மூன்று மாத முடிவில் சொல்வதாக மனைவி சொல்லியிருந்தாள். வாத்தியாருக்கு அவர்கள் வர வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும். ஆனால் வாய்விட்டுக் கேட்டால் அந்தப் பத்து நாள் பந்தயத்தில் தோற்றதாக ஆகிவிடுமே! ஊரை வாய் வலிக்க வர்ணித்தால் ஆசைப்பட்டுத் தானாக வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார். புவியியல் வாத்தியார் போட்ட கணக்கு வேறெப்படி இருக்கும்.

வர்ணிப்பதற்கு ஊரைச் சுற்ற வேண்டும், சுற்றுவதற்கு வண்டி வேண்டும். பள்ளிக்கூடத்து அலமாரியில் ஒரு பழைய வரைபடம் கிடந்தது. அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் அரை கிலோமீட்டர். அறையிலிருந்து பள்ளிக்கூடம் மூன்று சென்டிமீட்டர். ஒன்றரை கிலோமீட்டருக்குச் சைக்கிள் போதாதா என்று பழைய சைக்கிள் கடைக்குப் போனார். கடைக்காரர் கியர் வைத்த வண்டியைக் காட்டினார். "இத்துனூண்டு தூரத்துக்குக் கியர் எதுக்குங்க?" என்று, கியர் இல்லாத, முன்னால் கூடை வைத்த ஒன்றை வாத்தியார் தேர்ந்தெடுத்தார். எந்தப் பக்கம் குடியிருக்கிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். சொன்னார். கடைக்காரர் வாத்தியாரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, டயருக்குக் காற்றடித்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில்தான் விஷயம் புரிந்தது. வரைபடத்தின் அந்த மூன்று சென்டிமீட்டருக்குள் எட்டு சம உயரக் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடின. கோடுகள் நெருங்கி ஓடினால் செங்குத்தான மேடு என்று அர்த்தம். இதை வருடா வருடம் இரண்டு மார்க் கேள்வியாகக் கேட்டு, எழுதாத பிள்ளைகளுக்கெல்லாம் முட்டை போட்டவர் அவர். தன் வீட்டிலிருந்து தன் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் அந்தக் கோடுகள் அவர் கண்ணில் படவே இல்லை.

ஆக, தினமும் காலையில் அவர் சைக்கிளில் போகவில்லை. சைக்கிளைக் கூட்டிக்கொண்டு போனார். மூச்சு வாங்க, சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள, வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடேறுவதை பஸ்ஸில் போகிற பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கையசைத்தார்கள். அவர்கள் வைத்த பட்டப்பெயரைத் தமிழில் சொன்னால் 'தள்ளு சார்' என்று வரும். சாயங்காலம் திரும்பும்போது இறக்கம். ஆனால் பிரேக்கை நம்பப் பயந்து அப்போதும் தள்ளிக்கொண்டுதான் வந்தார். வந்து படுத்தால் கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இருக்கும். இந்த லட்சணத்தில் ஊரைச் சுற்றுவது எங்கே?

ஆனால் ஃபோனில் மனைவி கேட்பாளே. "இன்னைக்கு எங்க போனீங்க?"

இரண்டாவது வாரம் அவள் அப்படிக் கேட்டபோது வரைபடம் மேஜையில் விரிந்து கிடந்தது. "ஆத்தங்கரைப் பக்கம் போனேன்" என்றார். எவ்வளவு தூரம் என்று கேட்டாள். பொய்யைக்கூடப் பிழையில்லாமல் சொல்ல வேண்டும் என்கிற தொழில் தர்மம் வாத்தியாருக்கு உண்டு. சட்டைப் பொத்தான் தைக்க வைத்திருந்த நூலை எடுத்து, வளைந்து வளைந்து போகிற பாதையின் மேல் பொருத்தி வைத்து, பிறகு நிமிர்த்தி அளவுகோலில் பிடித்துப் பார்த்தார். வளைவான கோட்டை அப்படித்தான் அளக்க வேண்டும், எட்டாம் வகுப்புப் பாடம். "நாலே கால் கிலோமீட்டர்" என்றார். மறுமுனையில் மனைவி அசந்துபோனாள். மகளைக் கூப்பிட்டு, "அப்பா நாலே கால் கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சாராம்டி" என்று சொன்னது இவர் காதில் தேனாக விழுந்தது.

அப்புறம் நிற்கவில்லை. அறையில் கட்டிலில் உட்கார்ந்தபடியே அவர் அந்த ஊரின் பாலங்களைக் கடந்தார், காட்டுப் பாதையில் போனார், ரயில் பாதையை ஒட்டி எட்டு கிலோமீட்டர் மிதித்தார். ஊர்க்காரர்கள் கையசைத்தார்கள். ஒரு கிழவர் பழம் பறித்துக் கொடுத்தார். இல்லாத கிழவரிடம் வாங்கிய பழத்துக்கு வாத்தியார் நன்றிகூடச் சொன்னார்.

இப்படி அளந்துவிட்டதில் உச்சம் அந்த ஏரி. வரைபடத்தின் வடக்கு மூலையில், பெரிதாக, முட்டை வடிவத்தில் ஒரு ஏரி இருந்தது. நூல் கணக்கில் ஏழு கிலோமீட்டர். வாத்தியார் அதைச் சுற்றி மரம் வைத்தார், கரையில் பெஞ்சு போட்டார், படகு விட்டார். வாரத்துக்கு இரண்டு நாள் அங்கேதான் போய் உட்காருவதாகச் சொன்னார். வாத்துகள் வரத் தொடங்கின. முதலில் பத்து, பிறகு முப்பது. மனைவி ஏதாவது சொல்ல ஆரம்பித்தாலும் வாத்தியாருக்குப் பொறுக்காது. தான் தயாரித்து வைத்திருக்கும் அன்றைய காட்சி மறந்துவிடுமே என்று நடுவில் புகுந்து ஏரிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

மூன்றாம் மாதக் கடைசி வந்தது. குடும்ப வீடா, ஒத்தை அறையா, திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுங்கள் என்று அலுவலக அம்மாள் ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தார். வியாழக்கிழமை சாயங்காலம் வாத்தியார் மனைவிக்கு ஃபோன் போட்டு, ஒன்றும் அவசரமில்லாதவர் மாதிரி விஷயத்தைச் சொன்னார்.

"நானும் யோசிச்சேங்க" என்றாள் அவள். "நான் என்னவோ நீங்க கஷ்டப்படுவீங்கன்னு நெனைச்சேன். நீங்க பாட்டுக்கு ஜம்முனு செட்டில் ஆயிட்டீங்க. ஊரே உங்களுக்குப் பழகிப் போச்சு. நான் எதுக்கு அங்க? இங்க எனக்கும் வேலை இருக்கு, அவளுக்கும் படிப்பு இருக்கு. ஒத்தை அறையே போதும்னு எழுதிக் குடுத்துடுங்க."

வாத்தியார் போட்ட கணக்கு தலைகீழாக வந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். என்ன சொன்னார் தெரியுமா? "அதான் சரி. நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார். இப்படி ஒரு ஆளை எந்த வகுப்பில் உட்கார வைப்பது?

மகள் ஃபோனை வாங்கினாள். "அப்பா, வரலைன்னா பரவால்ல. அந்த ஏரியையாவது சனிக்கிழமை வீடியோல காட்டுங்க. வாத்து பார்க்கணும்."

அந்த இரண்டு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சோறு என்று சொல்வது மரியாதைக்கு, இறங்காதது ரொட்டி. சொன்னது அத்தனையும் பொய், அந்த ஏரியாவது நிஜமாகிவிட்டால் கொஞ்சம் பாவம் கழியும் என்று நினைத்தார். சனிக்கிழமை காலையில் வரைபடத்தை நாலாக மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டு, வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, பள்ளிக்கூடம் இல்லாத திசையில் சைக்கிளைத் திருப்பினார்.

ஃபோனிலேயே வழி காட்டும் வரைபடம் இருந்தது. ஒரு புவியியல் ஆசிரியன் ஃபோன் சொல்கிற பக்கம் திரும்புவதா என்று அதைத் திறக்கவில்லை. முதல் அரை மணி நேரம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. பாலம் நிஜமாக இருந்தது, அதன் கீழே ஆறும் இருந்தது. காற்று முகத்தில் அடித்தது. இது இத்தனை நாளாக இங்கேதான் இருந்ததா, நாம்தான் கட்டிலில் கிடந்தோமா என்று அவருக்கே ஆச்சரியம். ஒரு நிமிடம் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்துக்கூடப் பார்த்தார்.

அந்தக் கையைத் திரும்ப வைப்பதற்குள் இறக்கம் வந்துவிட்டது. பிரேக் கீச்சென்று கத்தியதே தவிரப் பிடிக்கவில்லை. வளைவில் சைக்கிள் ஒரு பக்கம் போனது, வாத்தியார் ஒரு பக்கம் போனார். வேலிச் செடிக்குள்ளிருந்து எழுந்து பார்த்தால் பேண்ட் முழங்காலில் கிழிந்து ரத்தம் வந்தது, சைக்கிள் செயின் கழன்று தொங்கியது. செயினை மாட்டத் தெரியாது. பிறகென்ன, பழகிய தொழில்தானே, தள்ளினார். ஏழு கிலோமீட்டர் நூலில் மிச்சம் மூன்று கிலோமீட்டரைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

போய்ச் சேர்ந்த இடத்தில் ஏரி இல்லை. வெடித்துக் காய்ந்த மண், அங்கங்கே புல், தூரத்தில் நிறுத்தியிருந்த நான்கு லாரிகள். வழி தவறிவிட்டோம் என்று நினைத்து, வேலிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் போய் ஏரி எங்கே என்று கேட்டார். அவர் கம்பியை விட்டு நிமிர்ந்து, வாத்தியாரின் காலடியைக் காட்டினார்.

"அதுக்குள்ளதான் நிக்கிறீங்க. மழைக்காலத்துல வாங்க, தண்ணி இருக்கும்."

வாத்தியார் வரைபடத்தை விரித்தார். ஏரியின் கரை முழுக்கோடாக இல்லை. விட்டு விட்டு வரைந்த கோடு. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும் இடத்தை அப்படித்தான் குறிப்பார்கள். வரைபடத்தைப் படிக்கும் முன் ஓரத்திலுள்ள குறியீட்டுப் பட்டியலைப் படி என்று ஆயிரம் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியவர் அவர். இப்போது அவரை ஏற்ற ஒரு பெஞ்சு இல்லாத குறைதான். கரையில் தான் போட்ட பெஞ்சும் இல்லை.

ஃபோன் அடித்தது. வீடியோ.

"அப்பா, ஏரி காட்டுங்க!" என்று மகள் திரையில் குதித்தாள். வாத்தியார் வானத்தைக் காட்டினார். "இங்க சிக்னல் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். அடுத்த பொய்யைத் தேடிய கவனத்தில் ஃபோன் கீழே சாய்ந்தது. அடுத்த நொடி மகள் முகம் விலகி மனைவி முகம் வந்தது.

"முழங்கால்ல என்ன ரத்தம்? எப்படி அடிபட்டுச்சு? கிட்டக் காட்டுங்க. மண்ணு ஒட்டியிருக்கு பாருங்க. தண்ணி இருக்கா? முதல்ல அந்த ஏரித் தண்ணியில கழுவாதீங்க, அழுக்கா இருக்கும்."

"கழுவ முடியாது" என்றார் வாத்தியார். பிறகு ஃபோனை மெல்லத் திருப்பி, காய்ந்த மண்ணையும் லாரிகளையும் ஒரு சுற்றுக் காட்டினார். "இதுதான் ஏரி."

"வாத்து?"

"வாத்து இல்ல. படகு இல்ல. கெழவர் இல்ல. நான் இந்தப் பக்கம் வர்றதே இன்னைக்குத்தான்." ஆரம்பித்தாகிவிட்டது, இனி என்ன. "எங்கயுமே போகலை. கட்டில்ல உக்காந்து வரைபடத்துல நூல் வெச்சு அளந்து சொன்னேன். சைக்கிளை மூணு மாசமா தள்ளிக்கிட்டுத்தான் போறேன். பிள்ளைங்க எனக்குத் தள்ளு சார்னு பேர் வெச்சிருக்காங்க."

அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். வாத்தியார் நிறுத்தவில்லை. மின்சார அடுப்பில் சோறு பொங்கி வழிந்ததில் அடுப்பே அணைந்துபோனதையும், அன்றிலிருந்து ரொட்டியும் ஜாமும்தான் என்பதையும் சொன்னார். ஆள் அசைந்தால்தான் எரிகிற நடைவழி விளக்குக்காகக் கதவு முன்னால் இரண்டு கையையும் ஆட்டுவதையும், அதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் தனக்குத்தான் வணக்கம் என்று நினைத்துப் பதிலுக்குக் கை ஆட்டுவதையும் சொன்னார்.

"இங்க எனக்கு இருக்குற ஒரே சிநேகிதம் அவர்தான்" என்றார். "நாலு மணி அடிச்சா எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. கெட்டவங்க இல்ல, நல்லவங்கதான். ஆனா அதுக்கப்புறம் என்கூடப் பேச ஆள் கிடையாது. சனி ஞாயிறு வந்தாலே பயமா இருக்கு. நீ வியாழக்கிழமை வரலைன்னு சொன்னதும் ராத்திரி பூரா தூக்கம் வரலை. எனக்கு முடியலம்மா. நீங்க ரெண்டு பேரும் வரணும்."

மனைவியின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"வரலைன்னு சொன்னப்போ அதான் சரின்னீங்களே."

"வாய் சொல்லிடுச்சு."

அவள் மகளிடம் ஏதோ சொல்லி அடுத்த அறைக்கு அனுப்பினாள். பிறகு கேட்டாள்: "இங்க என் வேலையில என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

வாத்தியார் யோசித்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"ஒன்றரை மாசமா லேப் பூரா என் பொறுப்புல இருக்கு. பெரிய மேடம் ஓய்வு பெற்றுப் போனதும் என்கிட்டதான் குடுத்தாங்க. பதினேழு வருஷம் கழிச்சு. அன்னைக்கு ஓடி வந்து உங்களுக்குத்தான் ஃபோன் பண்ணேன். நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா? 'அப்படியா, இன்னைக்கு ஏரியில முப்பது வாத்து'ன்னீங்க."

வாத்தியாருக்கு வெட்கமாக இருந்தது. வகுப்புக்குள் மூன்று முறை நுழைந்ததும் சைக்கிள் தள்ளியதும் என்றைக்காவது சொல்லிச் சிரிக்கக்கூடிய வெட்கம். இது அப்படியில்லை. அவளுடைய பதினேழு வருடத்தின் மேல் இவர் முப்பது வாத்துகளை மேயவிட்டிருக்கிறார். அந்த வெடித்த மண்ணில் அப்படியே உட்கார்ந்தார்.

"நீ எப்படி இருக்கே?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்க முடிந்தது.

அவள் சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்தவில்லை. பழுதாகிப்போன மெஷினைப் பற்றிச் சொன்னாள், மாற்று மெஷினுக்காக அவள் மேலிடம் வரைக்கும் போய்ச் சண்டை போட்டதைச் சொன்னாள். நேற்று வரை சமமாக உட்கார்ந்து டீ குடித்தவர்கள் திடீரென்று எழுந்து நிற்பது கூச்சமாகவும் இருக்கிறது, பிடித்தும் இருக்கிறது என்றாள். மகள் இப்போதெல்லாம் தன் அறையில் படுக்காமல் அம்மாவோடு வந்து படுத்துக்கொள்கிறாள் என்றாள். வீட்டில் இவர் போடுகிற சத்தம் இல்லாமல் ஆரம்பத்தில் நிம்மதியாக இருந்ததாம், இப்போது அந்த நிம்மதி தாங்க முடியவில்லையாம். வாத்தியார் 'ம்' கொட்டியதோடு சரி. கேட்டுக்கொண்டிருப்பது இவ்வளவு சுலபமான வேலை என்று அவருக்கு இத்தனை வருடம் யாரும் சொல்லவில்லை.

"அந்தப் பொறுப்பை விட்டுடாதே" என்றார் கடைசியில். மனசாரத்தான் சொன்னார். "நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன். திங்கக்கிழமை ஒத்தை அறைன்னே எழுதிக் குடுத்துடறேன்."

"குடும்பம்னு எழுதுங்க" என்றாள் அவள்.

"என்னது?"

"புது மெஷின் வரணும். வந்து, ரெண்டு பேருக்கு அதை ஓட்டப் பழக்கி விட்டுட்டுத்தான் நான் கிளம்புவேன். அவ பரீட்சையும் முடியணும். அதுக்கு மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் ரொட்டியைத் தின்னுட்டுக் கெடங்க. ஒரு வருஷம் லீவு, அதுக்கு மேல ஒரு நாள் கூடாது. திரும்பி வந்து என் நாற்காலியை நான் வாங்கிக்குவேன்."

வாத்தியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. வேலி கட்டுகிற பெண்மணி பார்க்கிறாரே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சந்தோஷத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வாத்தியார் புத்தி, ஒரு கேள்வி கேட்காமல் விடாது.

"வியாழக்கிழமை வரலைன்னியே. இப்ப மட்டும் ஏன் வர்றே?"

"ஏரியும் வாத்துமா சந்தோஷமா இருக்குற மனுஷனுக்கு நடுவுல நான் வந்து என்ன பண்ணப்போறேன்னு நெனைச்சேன்" என்றாள் அவள். "அங்க ஒண்ணுமே இல்லைன்னு இப்பதானே தெரிஞ்சுது. அதான் வர்றேன்."